நாகர்கோவிலில் விட்டு வந்த விளக்கும் மயிலாடியில் வாங்கிய பிள்ளையாரும்

ஆஸ்திரேலியாவிலிருந்து ஊருக்கு வரும் நம்மவர்கள் பழம்பொருள் கடைக்குப் போனால், விலையைக் கேட்கும் முன் ஒன்று கேளுங்கள்: இது யார் கையிலிருந்து வந்தது, அதற்குக் காகிதம் இருக்கிறதா?

நாகர்கோவில் பக்கம் ஒரு கடையில் வெண்கலத் தூக்குவிளக்கு ஒன்று பார்த்தேன். மேலே அன்னம், அருமையான வேலை. "பழைய வீடு ஒண்ணை இடிச்சப்ப வந்தது அண்ணாச்சி, 150 வருசம் இருக்கும்" என்றார் கடைக்காரர். எந்த வீடு என்றால் பதில் இல்லை. பில்லில் மட்டும் 'புதிய அலங்காரப் பொருள்' என்று போட்டுத் தருவாராம். விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். தண்டில் ஒரு விரல் அகலத்துக்கு அரத்தால் ராவியிருந்தது. கோயிலுக்கு விளக்கு கொடுப்பவர்கள் பெயரையும் கொல்லம் ஆண்டையும் (மலையாள ஆண்டுக் கணக்கு) பொறிப்பது நம் பக்கத்து வழக்கம். அதைத்தான் ராவி அழித்திருப்பார்களோ என்று தோன்றியது. அப்புறம் நான் விலையே கேட்கவில்லை.

அவர் சொன்ன வயது உண்மையென்றால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள். 100 ஆண்டு தாண்டிய சிலையையோ விளக்கையோ தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. காகிதம் இருந்தாலும் அது மெய்யா என்று பார்க்க வேண்டும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை கான்பெரா தேசிய கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சட்டம் வருமுன்பே சிலை இந்தியாவை விட்டுப் போனதாக விற்றவர்கள் பொய்க் காகிதம் காட்டியிருந்தார்கள். சட்டம் வந்த பின்பும் சிலை கோயிலிலேயே இருந்தது என்ற உண்மையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த புகைப்படம் சொன்னது. 2014-ல் சிலை திரும்பியது. அவ்வளவு பெரிய கலைக்கூடமே ஏமாந்த இடம் இது.

கல்சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடியில் கிடைத்த சேவை மனசுக்கு நிறைவு. கருங்கல்லில் ஒன்றரை அடிப் பிள்ளையார் சொல்லியிருந்தேன். சிற்பி பில்லில் தன் பெயர், பட்டறை முகவரி, கல், உயரம், முடித்த மாதம் எல்லாம் எழுதினார். தும்பிக்கை மட்டும் உருவாகி, மீதி வெறும் கல்லாக நின்றபோது எடுத்த படமும் தந்தார். புதுச் சிலை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? சிலையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக, 'தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று கேட்டபோது இவற்றைத்தான் இணைத்தேன். அலைச்சல் உண்டு, அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

படம் வேண்டுமென்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அவரால் எடுத்துத் தர முடியாது.