இன்டேக் கிட்டுக்குப் பணம் கட்டும் முன் வெர்னியரைக் கையில் எடுங்கள்

ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொந்தமாகக் கோல்டு ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய்) கட்ட நினைப்பவர்களைக் குறிவைத்து "யுனிவர்சல் கிட்" என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். விளம்பரத்தில் இருப்பது: 76 மி.மீ. அலுமினியக் குழாய், காட்டன் ஃபில்டர், சிலிகோன் கப்ளர் (குழாய்களை இணைக்கும் உறை), கிளாம்ப், ஒரு "பவர் சிப்", கூடவே 25 குதிரைத்திறன் கூடும் என்ற வாக்குறுதி.

பெட்டியைப் பிரித்தால் வேறு கதை. குழாயில் காந்தம் ஒட்டுகிறது. குரோம் பூசிய இரும்புத் தகடு அது. கப்ளரை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்பு ஒட்டுகிறது, அதாவது மலிவான ரப்பர். குழாயின் முனையில் கப்ளர் நழுவாமல் பிடிக்கும் மேடு கிடையாது, வெட்டிய பிசிறுகூடத் தேய்க்கப்படவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால், "பொருத்திப் பார்த்ததை எடுக்க மாட்டோம்" என்று பதில் வருகிறது. பொருத்தாமல் எப்படித் தெரியும் என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை.

இரும்பைக்கூட மன்னித்துவிடலாம். இன்ஜினைக் கெடுப்பது மாஃப் (காற்றின் அளவைக் காட்டும்) சென்சாரைப் பொருத்தும் குழாய்த் துண்டான அடாப்டர்தான். மாஃப் ஒரு சூடான கம்பி. தன்னைக் கடந்து ஓடும் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து, குழாய்க்குள் மொத்தம் எவ்வளவு காற்று போகிறது என்று ஈ.சி.யு. (இன்ஜினை இயக்கும் கணினி) கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு ஸ்டாக் (காருடன் வந்த) குழாயின் உள்விட்டத்துக்காகப் போடப்பட்டது. ஸ்டாக் 70 மி.மீ., கிட் 76 மி.மீ. என்று வையுங்கள். 6 மி.மீ. வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் பரப்பளவு 18 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று இப்போது 15 சதவீதம் மெதுவாக ஓடும். கம்பி குறைவாகக் குளிரும், காற்று குறைவு என்று நினைத்து ஈ.சி.யு. பெட்ரோலைக் குறைக்கும்.

சாதாரண ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டும். அதனால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோலை ஈ.சி.யு. கூட்டிக் குறைக்கும் திருத்தம்) கூட்டல் 20 சதவீதத்தை நெருங்கி, பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) என்ற கோடுடன் விளக்கு எரியும். மோசமானது முழு த்ராட்டிலில் நடப்பது. பல கார்களில் அந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சு எடுபடாது. மாஃப் சொல்வதுதான் வேதவாக்கு. லீன் (பெட்ரோல் குறைந்த) கலவை, அதிக லோடு, கூடவே சூடு என்றால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும், பிஸ்டன் போகும். (காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பும் கார்களில் இந்தத் தலைவலி இல்லை.)

ஆகவே வெளிவிட்டத்தைக் கேட்காதீர்கள். சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து, ஸ்டாக்குடன் ஒப்பிடுங்கள். அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய ஏர்பாக்ஸில் (ஃபில்டர் பெட்டியில்) இருக்கும் மாஃப் ஹவுசிங்கையே வெட்டி எடுத்துப் புதுக் குழாயில் சேருங்கள். வளைவுக்கு ஒட்டி வைக்க வேண்டாம். முன்னால் குறைந்தது 15 செ.மீ. நேர்க்குழாய் வேண்டும், இல்லாவிட்டால் காற்று சுழன்று அடித்து ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது) ஆர்.பி.எம். ஊசலாடும். ஹவுசிங்கில் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்க்கட்டும். குழாயில் துளை போட்டால், பொருத்தும் முன் உள்ளே கழுவுங்கள். ஒரு அலுமினியச் சுருள் போதும், டர்போவின் இறக்கை காலி.

அடுத்தது "பவர் சிப்". பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர்! காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் இதைச் செருகச் சொல்கிறார்கள். அந்த சென்சாரின் மின்தடை குளிரில் கூடும். 25 டிகிரியில் சுமார் 2 கிலோ ஓம் காட்டும் ரகம் பரவலானது. ரெசிஸ்டர் அதைவிட அதிகமான ஓம் காட்டுவதால், வெயிலில் வெந்து கொண்டிருக்கும் இன்ஜினுக்கும் பனிக்காற்று வருவதாக ஈ.சி.யு. நம்பி இக்னிஷனை (ஸ்பார்க் அடிக்கும் நேரத்தை) முன்தள்ளுகிறது. பாதுகாப்புக்கு இருந்த ஒரு கண்ணைக் கட்டிவிடுகிறார்கள்.

25 குதிரைத்திறன் விஷயத்தை வாங்குவதற்கு முன்பே சோதிக்கலாம். 2 மீட்டர் ஒளிபுகும் ட்யூபை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, சாயத் தண்ணீரைப் பாதி ஊற்றுங்கள். ஒரு முனையை த்ராட்டில் பாடிக்குச் சற்று முன்னால் குழாயில் இணையுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். மூடிய டிராக்கில் முழு த்ராட்டில் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இரு மட்டங்களின் வித்தியாசத்தைப் படிக்கட்டும். 10 செ.மீ. தண்ணீர் என்றால் காற்றழுத்தத்தில் கிட்டத்தட்ட 1 சதவீத இழப்பு. ஸ்டாக் ஏர்பாக்ஸ் 20 செ.மீ. காட்டினால், தடையே இல்லாத கற்பனை இன்டேக்கால்கூட 150 குதிரைத்திறன் இன்ஜினில் 3 மட்டுமே கூட்ட முடியும். மறுபக்கம், ரேடியேட்டருக்குப் பின்னால் திறந்தபடி தொங்கும் ஃபில்டர் உறிஞ்சும் காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி 3 சதவீதம் போய்விடும். கிட்டில் ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு) இல்லை என்றால் பணம் கொடுத்துப் பவரைக் குறைத்துக் கொள்கிறீர்கள்.

இன்னும் சில. பி.வி.சி. குழாய் தரும் கிட் வேண்டவே வேண்டாம், 60 டிகிரியைத் தாண்டியதும் அது தளரத் தொடங்கும். எண்ணெய் வழியும் ஃபில்டர் மாஃப் கம்பியில் படலம் போடும். ஃபில்டரை பம்பருக்குள் தாழ இறக்கும் வடிவமைப்பில், தேங்கிய நீரில் ஒருமுறை இறங்கினாலே இன்ஜின் தண்ணீர் குடித்து கனெக்டிங் ராடு வளையலாம். பிரீதர் ஹோஸை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாயை) மாஃபுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவேதான் சேர்க்க வேண்டும், "அதை மூடிவிடுங்கள்" என்று சொல்கிறவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே பொருத்திவிட்டீர்களா? ஸ்கேனரில் ட்ரிம்மைப் பாருங்கள். ஐடிலில் அதிகமாக இருந்து 2,500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு, கிளாம்புகளைச் சரிபார்த்தால் தீரலாம். லோடு ஏற ஏறக் கூடினால் அடாப்டரின் அளவே தப்பு, ஸ்டாக்குக்குத் திரும்பும்வரை முழு த்ராட்டில் வேண்டாம். பொருத்தாதவர்கள் காந்தம் ஒட்டியிருக்கும் படம், வெர்னியர் காட்டும் அளவு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்துக்கொண்டு பணத்தைக் கேளுங்கள். எப்படியானாலும் பழைய ஏர்பாக்ஸை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.