கடைசி அரைமணி நேரம்: ஒரு பழைய சந்தாதாரரின் புலம்பல்

சூப்பர்ஹீரோ படங்களுக்காகவே ஒரு ஓடிடிக்கு வருடச் சந்தா கட்டலாமா என்று மடிப்பாக்கத்து நண்பர் கேட்டிருந்தார். விலையை வேறு ஏற்றிவிட்டார்கள். எத்தனை பேர் பார்க்கலாம், 4கே உண்டா என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பல வருடமாகக் கட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்கு இருக்கும் ஒரே எரிச்சலை மட்டும் சொல்கிறேன். கடைசி அரைமணி நேரம்.

எந்தப் படத்தைப் போட்டாலும் அந்த நேரத்தில் வானத்தில் ஓட்டை விழுகிறது, சாம்பல் நிறத்தில் ஏதோ கும்பல் கும்பலாக இறங்குகிறது, நம்மாட்கள் அடி பின்னுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கட்டம் வந்தால் தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடும். தட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தால் ஒன்றுமே தவறிப்போயிருக்காது.

ஏன் இப்படி? அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்ட்டெல் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். ‘பிளாக் விடோ’ படத்துக்காக, இந்தச் சூப்பர்ஹீரோ படங்களை எடுக்கும் மார்வெல் நிறுவனம் அவரிடம் பேசியபோது, சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். கல்யாணத்துக்குப் பெரிய சமையல்காரரைப் பேசிவிட்டு, சாம்பாரை மட்டும் வெளியே சொல்லிவிட்டோம் என்பது போல. இதைப் படித்த பிறகு எனக்குப் பல படங்களின் கடைசிப் பகுதி புரிந்தது.

கிராபிக்ஸ் செய்பவர்களைத் திட்ட மனம் வரவில்லை. கடைசி நேரம் வரை காட்சியை மாற்றிக்கொண்டே இருந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? 2023-இல் மார்வெலின் விஎஃப்எக்ஸ் (கிராபிக்ஸ்) பணியாளர்கள் ஒருவர்கூட எதிர்க்காமல் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள்.

சண்டையை வைத்தும் கதை சொல்ல முடியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ (2018) என்ற அனிமேஷன் படத்தில் மைல்ஸ் என்ற பையனுக்குச் சக்தி புதிது. காட்டுக்குள் வலை வீசிப் பறக்கத் தடுமாறும் இடத்தில் அவனை விநாடிக்கு 12 ஓவியங்களாக அசைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பறக்கும் அனுபவசாலி பீட்டருக்கு 24. பார்க்கும்போது கணக்கெல்லாம் தெரியாது, பையன் இன்னும் தேறவில்லை என்று மட்டும் தெரியும். இதை யோசித்தவருக்குக் கோயில் கட்டலாம்.

சரி, திறமைசாலியைக் கூட்டிவந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2017-இல் மார்வெலின் சுத்தியல் நாயகன் தோரை வைத்து நம்மை விழுந்து விழுந்து சிரிக்கவைத்த டைகா வைட்டிட்டிதான் 2022-இல் வந்த அடுத்த தோர் படத்தையும் எடுத்தார். அதே ஆள், அதே சுத்தியல். எனக்கு ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை.

நம்மூர்க் கதைக்கு வருவோம். 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது வசனம் ஏ.ஆர். முருகதாஸ், அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. மூவரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் டோனி ஸ்டார்க்கை, அதாவது அயர்ன்மேனை, வேறொரு குரலில் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஒட்டவே இல்லை, ரசிகர்கள் கொதித்தார்கள். போஸ்டருக்குப் பெயர் வேண்டும் என்று யாரோ முடிவு செய்தது அப்பட்டமாகத் தெரிந்தது.

அதே விஜய் சேதுபதி குரல் 2023-இல் ‘மாவீரன்’ படத்தில் வருகிறது. பயந்தாங்கொள்ளியான காமிக்ஸ் ஓவியன் ஒருவனுக்கு மட்டும் கேட்கும் குரல். குரல் வந்ததும் சிவகார்த்திகேயன் அண்ணாந்து பார்ப்பார், தியேட்டரே சிரிக்கும். இயக்குநர் மடோன் அஸ்வின் அந்தக் குரலைச் சுற்றியே படத்தை எழுதியிருந்தார். அந்த ஓவியன் குடியிருக்கும் அடுக்குமாடியில் தொட்டால் சுவர் உதிரும். 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பைப் பற்றி இதேபோல வந்த செய்திகளைப் படித்த சென்னைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நகரத்தை வானத்திலிருந்து வந்தவன்தான் இடிக்க வேண்டும் என்று சட்டமா?

அப்புறம் மலையாளத்து சூப்பர்ஹீரோ படம் ‘மின்னல் முரளி’ (2021). இது நான் சந்தா கட்டும் இடத்தில் இல்லை, மைத்துனர் வீட்டில் பார்த்தது. இயக்குநர் பேசில் ஜோசப் வில்லன் வேடத்துக்குத் தேடிப் பிடித்த ஆள் நம்ம கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் இருந்த குரு சோமசுந்தரம். 28 வருடம் ஒரு பெண்ணை மனதில் வைத்துக் காத்திருந்த ஷிபுவாக அவர் அழுதபடியே சிரிக்கும் ஒரு முகம் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு நாயகன் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையே எனக்குப் போய்விட்டது. அன்றைக்குக் கடைசிச் சண்டை முடியும்வரை யாரும் சமையலறைப் பக்கம் போகவில்லை.

ஆகவே நண்பரே, நல்ல படங்கள் இருக்கின்றன, திரும்பத் திரும்பப் பார்க்கத் தகுந்தவையும் உண்டு, தமிழ் டப்பிங்கும் பெரும்பாலும் மோசமில்லை. ஆனாலும் வருடச் சந்தா கட்டாதீர்கள். பையனுக்குப் பரீட்சை முடிந்ததும் ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டு, பழைய படங்களாகப் பொறுக்கிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள். நான் போன வாரமே புதுப்பித்துவிட்டேன். அம்மா பார்க்கும் சீரியல் அதில்தான் வருகிறது.