ஷோவா காலக் காட்ஸில்லா ப்ளூரே பெட்டி: ஐந்து வருடம் போட்டுப் பார்த்த பிறகு

பழைய படங்களை மீட்டு வெளியிடும் அமெரிக்க நிறுவனம் கிரைட்டீரியன் 2019 அக்டோபரில் கொண்டுவந்த பெட்டி இது. 8 தட்டுகள், 15 படங்கள். 1954இல் இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் காட்ஸில்லாவில் தொடங்கி 1975 வரை, ஜப்பானின் ஷோவா பேரரசர் காலத்தில் வந்த காட்ஸில்லா படங்கள் அத்தனையும் உள்ளே இருக்கின்றன. முதல் தட்டைப் போட்டதும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஹெச்டி என்கிறார்கள், ஏன் இவ்வளவு கீறல், இவ்வளவு தூசி? சுத்தம் செய்யவே இல்லையா?

செய்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு பிலிம் பழசானதால் வந்த அழுக்கே இல்லை. படம் தயாரான 1954லேயே உள்ளே பதிந்துவிட்டது. இதைப் புரிந்துகொண்டால் பெட்டியின் மீது வரும் பாதி வருத்தம் போய்விடும்.

ஓடோ தீவில் குன்றுக்கு மேலே காட்ஸில்லாவின் தலை முதன்முதலில் எழும் ஷாட்டை நிறுத்தி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். அதற்கு முந்தைய ஷாட்டில் கிரெய்ன், அதாவது பிலிமின் துகள், மெல்லியதாக, சீராக இருக்கும். இந்த ஷாட்டுக்கு வந்ததும் மணல் தூவியதுபோல் தடிக்கும், கறுப்பு சாம்பலாக வெளுக்கும், குன்றின் விளிம்பில் ஒரு நடுக்கம் தெரியும். காரணம், தந்திரக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயாவின் குழு மனிதர்களைத் தனியாகவும் மிருகத்தைத் தனியாகவும் எடுத்து, இரண்டையும் பிலிமிலிருந்து பிலிமுக்கு நகலெடுக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் மறுபடி படம் பிடித்து ஒன்றாக்கியது. ஒவ்வொரு நகலுக்கும் கிரெய்ன் கூடும், கூர்மை குறையும். அந்தச் சமயத்தில் எந்தத் துண்டின் மேல் தூசி இருந்தாலும் அதுவும் காட்சியோடு சேர்ந்தே பதியும். சாதாரணக் காட்சிகளில்கூட ஒரு ஷாட் கரைந்து அடுத்தது எழும் இடத்தில் படம் சட்டென்று மென்மையாவதைப் பார்க்கலாம். அதுவும் இதே பிரிண்டரின் வேலைதான். வண்ணப் படங்களில் காட்ஸில்லா கதிரை ஊதும்போதெல்லாம் கிரெய்ன் தடிப்பதும் இதனால்தான்.

கீறல் எல்லாம் ஒரே சாதி இல்லை. பிலிமின் பின்பக்க அடித்தளத்தில் விழுந்த கீறலை, பிலிமைத் திரவத்தில் நனைத்து ஸ்கேன் செய்யும் வெட் கேட் முறை மறைத்துவிடும். அடித்தளத்தைப் போலவே ஒளியை வளைக்கும் திரவம் கீறலுக்குள் நிறைவதால் ஸ்கேனருக்கு அது தெரியாது. படம் இருக்கும் எமல்ஷன் பக்கம் ஆழமாகக் கீறியிருந்தால் அங்கே படமே போய்விட்டது. பக்கத்துப் பிரேமிலிருந்து எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். மூன்றாவது, முன்னொரு பிரதியில் விழுந்து அப்படியே நகலாகிவந்த கீறல். அதற்குத் திரவமும் உதவாது, கையால் ஒவ்வொரு பிரேமாக வரைந்து மூட வேண்டியதுதான். முதல் காட்ஸில்லாவில் மூன்றாவது வகை ஏராளம். கறுப்பு வெள்ளைக்கு இன்னொரு தடை உண்டு. வண்ணப் பிலிமில் அகச்சிவப்புக் கதிர் சாயத்தை ஊடுருவிப் போகும், தூசியில் மட்டும் தடுக்கப்படும். அதனால் தூசி எங்கே என்று தனி வரைபடமே கிடைக்கும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அது அகச்சிவப்பையும் தடுத்துவிடும். அந்த வசதி இங்கே கிடையாது.

சரி, மென்பொருளை முழு வேகத்தில் ஓட்டிவிட்டால்? தானியங்கி தூசி நீக்கம் முன் பிரேமையும் பின் பிரேமையும் ஒப்பிடும். நடுவில் ஒரே ஒரு பிரேமில் மட்டும் தோன்றுவதைத் தூசி என்று எடுத்துக்கொண்டு அழிக்கும். மிருகப் படத்தில் ஒரே பிரேமில் தோன்றி மறைபவை என்னென்ன? தீப்பொறி, பறக்கும் செங்கல் துணுக்கு, பீரங்கி வாய்ச் சுடர். டோக்கியோவை அழிக்கும் காட்சியில் உயர் மின்னழுத்தக் கோபுரங்கள் உருகி வளைகிற இடம்தான் எங்கள் பரிசோதனைக் காட்சி. கோபுரங்கள் மெழுகில் செய்தவை, சூட்டில் தானாகவே தொங்கின. அங்கே பொறிகள் முழுசாக, கோடு அறுபடாமல் பறந்தால் சுத்தம் செய்தவர் கை நிதானமானது. பொறிகள் பாதியில் காணாமல் போனால், படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த மாஸ்டர் (தட்டுக்கு மூலமான டிஜிட்டல் பிரதி) வேண்டாம். இந்தப் பெட்டியில் பொறிகள் இருக்கின்றன. அதற்காகக் கொஞ்சம் தூசியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் தீர்ப்பு.

படம் திரையில் ஆடுவதை நிறுத்துவதும் இதே மாதிரி சிக்கல்தான். பிலிம் துளைகளை வைத்து முழு பிரேமையும் நிலைப்படுத்தினாலும் ஒட்டிய ஷாட்டில் மிருகமும் பின்னணியும் தனித்தனியாக ஆடிக்கொண்டே இருக்கும். மிருகத்தைப் பிடித்து நிறுத்தினால் மலை ஆடும். அப்படியே விடுவதே நல்லது.

1962லிருந்து எல்லாமே வண்ணம், அகலத்திரை. படங்களைத் தயாரித்த டோஹோ நிறுவனத்தின் அகலத்திரை முறையான டோஹோஸ்கோப் பிலிமின் முழு உயரத்தையும் பயன்படுத்துவதால் ஷாட் மாறும் இடத்தில் ஒட்டுத் தழும்பு மேல் கீழ் விளிம்பில் மின்னும். லென்ஸ் அப்படியானது, ஓரங்கள் மென்மையாகத்தான் இருக்கும். 1964இல் வந்த மூன்று தலை கிங் கிடோராவைத் தாங்கும் கம்பிகள் ஹெச்டியில் பளிச்சென்று தெரிகின்றன. தியேட்டர் பிரதி இவ்வளவு தெளிவாக இராது என்று நம்பி வைத்த கம்பிகள் அவை. அழித்துவிடலாமே என்பவர்களோடு உடன்பாடு இல்லை. அத்தனை கம்பியையும் ஒரே நேரத்தில் இயக்கிய கைகளின் உழைப்பு அது. சாயம் வெளுத்த நெகட்டிவில் ஒரு நிறத்தை மட்டும் தூக்கி நிறுத்தினால் அந்த நிறத்தின் கிரெய்னும் சேர்ந்தே எழும். இருட்டான காட்சிகளில் நெளியும் புள்ளிகளுக்கு அது ஒரு காரணம்.

கிங்காங்கும் காட்ஸில்லாவும் மோதும் 1962 படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1970இல் சிறுவர் விழாவுக்காகப் படத்தை 74 நிமிடமாகக் குறைத்தபோது கத்தரித்தது மூல நெகட்டிவையே. வெட்டிய பகுதிகளுக்கு நெடுங்காலம் தரம் குறைந்த பிரதிகளைத்தான் இட்டு நிரப்பினார்கள். தொலைந்ததாக நினைத்த 35மிமீ பகுதிகள் கிடைத்த பிறகு, 2016இல் முழு 97 நிமிடமும் 4கேயில் மீட்கப்பட்டது. பெட்டியில் இந்தப் படத்தின் இடத்தில் இருப்பது அமெரிக்கப் பதிப்பு. இசையமைப்பாளர் இஃபுகுபேயின் இசையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு வேறு இசை சேர்த்தது. ஜப்பானியப் பதிப்பு 8ஆம் தட்டில், கூடுதல் அம்சங்களோடு இருக்கிறது. நேராக அதற்கே போங்கள்.

டிவி அமைப்பில் முதலில் அணைக்க வேண்டியது அசைவை மென்மையாக்கும் வசதி. ஏறக்குறைய 100 கிலோ உடைக்குள் ஒரு மனிதர் நடப்பதை நொடிக்கு 24 பிரேமைவிட அதிக வேகத்தில் எடுத்து, 24இல் ஓட்டுவதால்தான் அந்தக் கனம் வருகிறது. டிவி இடைப் பிரேம்களைத் தானே செருகினால் கனம் போய், ரப்பர் உடை மட்டும் மிஞ்சும். அடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன்; அதையும் அணையுங்கள். ஷார்ப்னஸை அந்த டிவியின் நடுநிலை எண்ணுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் கம்பியும் ஒட்டு விளிம்பும் இரட்டைக் கோடாகும். பிளேயரில் 24பி (நொடிக்கு 24 பிரேம்) வெளியீடு இயங்க வேண்டும். முதல் இரண்டு படங்கள் ஏறக்குறைய சதுர வடிவம். பக்கக் கறுப்புப் பட்டையை நிரப்ப இழுக்காதீர்கள்.

ஒலி மோனோ. சரவுண்ட் விரிப்பு எதுவும் வேண்டாம். முதல் படத்தின் டைட்டிலில் காலடி ஓசைக்கு நடுவே வரும் இரைச்சலைக் கவனியுங்கள்: அது தொடர்ந்து ஒரே அளவில் இருந்தால் சரி. அடிக்கு அடி இரைச்சல் எழுந்து அணைந்தால், உங்கள் ரிசீவரில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் ஏதோ ஒரு நைட் மோட் ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்குமுன் மண்டலம் பாருங்கள்; மண்டலப் பூட்டுள்ள ப்ளூரே தட்டு அந்த மண்டலத்துப் பிளேயரில்தான் ஓடும். அமெரிக்கப் பதிப்பு ஏ மண்டலம். சிங்கப்பூர், மலேசியா பிளேயர்களில் ஓடும். இந்தியா, இலங்கை பிளேயர்கள் சி மண்டலம், மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் தேவை. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு பி மண்டலப் பதிப்பு தனியாக வந்தது. முதல் படம் மட்டும் போதுமென்றால் 2024இல் வந்த 4கே தட்டை எடுக்கலாம், 4கே தட்டுகளுக்கு மண்டலப் பூட்டு இல்லை. டோஹோ ஜப்பானில் வெளியிடும் தட்டுகளில் பொதுவாக ஆங்கில வசனவரி இராது.

பெட்டி பெரிய புத்தக வடிவம், தட்டுகள் அட்டைப் பைக்குள் செருகியிருக்கும். இழுக்கும்போது பின்பக்கம் அட்டையில் உரசாமல் பையின் வாயைச் சற்றே அகட்டி, விளிம்பைப் பிடித்து எடுங்கள். அடிக்கடி பார்ப்பவர்கள் தட்டுகளை மெல்லிய உறையில் போட்டு வேறு பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது; புத்தகத்தை அலமாரியில் படுக்கவைத்தால் முதுகு பிரியாது.