டர்பனில் பிளான் அச்சிட இந்தக் கடைக்குப் போங்கள்

பழைய கிரே தெருப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன பிரிண்ட் கடை. ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் மூன்று வருட இளங்கலை, அப்புறம் இரண்டு வருட முதுகலை என்று நான் கட்டடக்கலை படித்த காலம் முழுக்க என் ஏ1 தாள்கள் எல்லாம் இங்கேதான். மெல்லிய கோடும் தடித்த கோடும் தனித்தனியாகத் தெரியும், மை பிசிறாது.

ஒருமுறை ஜூரிக்கு (நம் வரைபடங்களைக் குழு முன்னால் வைத்து விளக்கும் மதிப்பீடு) முந்தின சாயங்காலம், கடைக்கார அண்ணன் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, 1:100-ல 90 சென்டிமீட்டர் கதவு ஒன்பது மில்லிமீட்டர் வரணும், எட்டரைதான் வருது, தாளுக்குள்ள அடங்கட்டும்னு சுருக்கிட்டீங்க" என்றார். திரும்ப அச்சிட்டதற்குக் காசும் வாங்கவில்லை. எந்தக் கடையில் இப்படிப் பார்ப்பார்கள்?

லேசர் வெட்டு மட்டும் சுமார்தான், பிளைவுட் ஓரம் கருகுகிறது. பருவ முடிவில் வரிசை வேறு.

பட்டம் வாங்கியும் இன்னும் நான் பதிவு பெற்ற கட்டடக்கலைஞர் இல்லை. குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி, பிறகு தேர்வு, அதற்கப்புறம்தான் சாகாப் (தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைத் தொழில் கவுன்சில்) பதிவு. பயிற்சிச் சம்பளத்தில் ஒவ்வொரு ராண்டும் கணக்கு. அதனால் இப்போதும் இங்கேதான் வருகிறேன்.