டீசல் எஞ்சினுக்கு மாற்றாக 5 குதிரைத்திறன் சோலார் பம்புசெட்

மின் இணைப்புக்குக் காத்திருந்த ஆண்டுகளில் டீசல் எஞ்சினை நம்பியே கடலை பயிரிட்டுவந்த நாங்கள், 2019இல் தொடங்கப்பட்ட பிரதமரின் குசும் என்னும், விவசாயிகளுக்கான சூரியசக்தித் திட்டத்தின்கீழ், வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் பெற்று இந்தச் சோலார் பம்புசெட்டை அமைத்தோம். சூரிய ஒளித் தகடுகள் தரும் நேர்திசை மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாருக்கு ஏற்ப மாற்றுகிறது. காலை 8 மணிக்கு மெல்லக் கசியத் தொடங்கும் தண்ணீர், 10 மணிக்கெல்லாம் குழாய் நிறையப் பாய்கிறது. கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு ஓடிய அலைச்சலும், எஞ்சின் புகையில் கறுத்த வேப்பங்கிளைகளும் இனி இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. மேகம் மூடினால் நீர் வெகுவாகக் குறைவதால், தரைத்தொட்டி ஒன்று அவசியம். பெட்டி பழுதானபோது, பொருத்திய நிறுவனத்தார் 12 நாள் கழித்தே வந்தார்கள். பயிர் வாடும் வேளையில் அது பொறுக்கத்தக்க தாமதமன்று. தகடுகளை வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.