ஆபீஸ் இரைச்சலுக்கு ஹெட்போன்: ரெண்டு வருடம் மாட்டிப் பார்த்ததில்

ஆபீஸுக்கு ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "நாய்ஸ் கேன்சலிங் எப்படி?" என்றுதான். ரெண்டு வருடத்துக்கும் மேலாகத் தினமும் ஆறேழு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காரும் நான் முதலில் கேட்பது எடையை.

இப்போது வைத்திருப்பது சோனி டபிள்யூஎச்-சிஎச்720என். 2023இல் வந்த மாடல், எடை 192 கிராம். அதே கம்பெனியின் விலை கூடிய எக்ஸ்எம்4 மாடல் 254 கிராம், ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 380 கிராமுக்கும் மேல். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உச்சந்தலையில் தெரியும்.

நாய்ஸ் கேன்சலிங்கிடம் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். வெளிச்சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அடக்குகிற வேலை அது. ஏசி, சர்வர் ரூம் ஃபேன் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சல் அப்படியே அமுங்கிவிடும். பேச்சு அப்படியல்ல; நொடிக்கு நொடி மாறும், உயர் அலைவரிசையிலும் வரும். அதனால் பக்கத்து சீட்டுக்காரர் வீட்டுக்கடன் தவணைக்காக பேங்க்கோடு போடும் சண்டை ஓரளவு கேட்கத்தான் செய்யும். சொல்லப்போனால், ஏசி சத்தம் போனபின் இன்னும் தெளிவாகவே கேட்கும்! நான் மெதுவாக மழைச் சத்தம் ஓட விடுகிறேன். பாட்டை விட இது பேச்சை நன்றாக மறைக்கிறது, கவனத்தையும் இழுப்பதில்லை.

பேச்சை நிஜமாகத் தடுப்பது காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் உட்காரும் குஷன். கண்ணாடி போடுபவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். தடித்த ஃப்ரேமின் காம்பு குஷனைத் தூக்கிவிடும், சந்து வழியே சத்தம் நுழையும். நான் மெல்லிய உலோக ஃப்ரேமுக்கு மாறினேன், நெற்றிப்பொட்டு வலியும் சேர்ந்து போனது.

அப்புறம் வியர்வை. ஆபீஸுக்குள் பிரச்சினையில்லை, ஏசி இருக்கிறது. அதையே மாட்டிக்கொண்டு சென்னை வெயிலில் பஸ் ஏறினால் செயற்கைத் தோல் சீக்கிரம் உரியும். இதற்கு முன் வைத்திருந்த வேறு கம்பெனி ஹெட்போனில் கருப்புச் செதில்கள் காதோரம் ஒட்டிக்கொண்டு வரும், பொடுகு மாதிரி. மாற்று குஷன் தனியாகக் கிடைக்கிற மாடலா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். துணி குஷனில் காது வேகாது, ஆனால் சத்தம் கசியும்.

சத்தத்தை மறைக்க வால்யூமைக் கூட்டுவதில் ஆபத்து உண்டு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும். நம் வேலை நேரமே வாரத்துக்கு 40 மணிக்கு மேல் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நாய்ஸ் கேன்சலிங்கோடு 35 மணி நேரம் என்கிறார்கள், வாரம் ஒருமுறை சார்ஜ் போடுகிறேன். லேப்டாப், போன் ரெண்டிலும் ஒரே நேரத்தில் இணைந்திருப்பது பெரிய வசதி. ஆனால் நாள் முழுக்க கிளையண்ட்டோடு போனில் பேசுபவர் என்றால் இந்த வகையே வேண்டாம். வாய்க்கு அருகில் மைக் நீட்டிக்கொண்டிருக்கும் கால் சென்டர் ஹெட்செட் பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான், ஆனாலும் எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் மட்டும் கேட்கும்.