உயர்த்திய வண்டியின் முன்பக்கச் சத்தம்: ஒரு பணிமனையின் சேவை

சஸ்பென்ஷனை உயர்த்திய என் வண்டியில் சில நேரங்களில் மட்டும் முன்பக்கம் 'டொக்' என்று எழுந்த சத்தத்தின் காரணத்தை, இந்தப் பணிமனையினர் எந்தப் பாகத்தையும் ஊகத்தில் மாற்றாமல் கண்டுபிடித்தார்கள். ஜாக்கியில் தூக்கியபோது எதிலும் ஆட்டம் தெரியாததால், சக்கரங்கள் தரையில் நிற்க ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மெக்கானிக் ஒவ்வொரு இணைப்பாகக் கைவைத்து அதிர்வைத் தேடினார். சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மின் போல்ட் தலையைச் சுற்றி உலோகம் உரசிப் பளபளத்தது; அந்த இணைப்பு அசைந்ததே சத்தத்துக்குக் காரணம். சக்கரம் தொங்கும் நிலையில் அந்த போல்ட்டை இறுக்கினால், இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளையான புஷ் எப்போதும் திருகியே இருந்து சீக்கிரம் கிழியும் என்பதால், புதிய புஷ்ஷைப் பொருத்தி, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே குறித்த விசை அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் போல்ட்டை இறுக்கினார்கள். பலரும் தவறவிடும் இந்த ஒழுங்குக்காகவே அவர்களை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வேலை முடியும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லாதது மட்டுமே குறை.